பேட்டரிக்கு வைத்த பொட்டு

காரைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளி, மூன்றாம் படிவம்வரை மலாய்ப்பள்ளி, அதன்பிறகு தொழிற்சாலை. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். எழுதுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் ஒருவரிடம் வாயால் சொல்ல வேண்டியதை என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் துணிந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செனாயில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், வரிசை வீடு எங்களுடையது. கார் நிறுத்தும் இடத்துக்கும் முன்கூடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல்தான். நான் தொழிற்சாலை கேன்டீனில் வேலை செய்கிறேன். சர்க்கரை நோயால் வீட்டுக்காரருக்குக் கண் மங்கி, கார் ஓட்டுவதை அவர் நிறுத்திய பிறகுதான் நான் லைசென்ஸ் எடுத்தேன். நாற்பத்தைந்து வயதில் எடுத்தது. அதனாலோ என்னவோ, அந்தப் பழைய கார்மேல் எனக்கு ஒரு பயமும் ஒரு பிடிப்பும் உண்டு. வெள்ளிக்கிழமை தவறாமல் முன்மூடியான பொனெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பேன்.

சென்ற வெள்ளத்தில் சிகாமட்டில் என் கொழுந்தனின் வீட்டுக்குள் ஜன்னல் உயரம் தண்ணீர் ஏறிவிட்டது. தரை ஓடுகள் பெயர்ந்துபோயின. அவர் வேலை பார்த்த கடையும் மூடிவிட்டது. மனைவியையும் மகளையும் அங்கேயே மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, செனாயில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்து எங்களோடு வந்து தங்கினார். முன்கூடத்தில்தான் படுக்கை. மகளை அந்த ஆண்டுதான் முதலாம் ஆண்டில் சேர்க்க வேண்டும். வீட்டுத் தரை சரியானால்தான் திரும்பி வருவேன் என்று அவர் மனைவி சொல்லிவிட்டாராம். பள்ளி திறப்பதற்குள் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட வேண்டும், அதுதான் அவருடைய ஒரே கவலை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் காரை இரவல் வாங்கிக்கொண்டு போய்வருவார். வேலையெல்லாம் குத்தகைக்காரர் பார்த்துக்கொள்கிறார், தான் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவதோடு சரி என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார்.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். காரில் பாரம் ஏற்றக் கூடாது. பின்பக்க ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, கனமாக எதையும் வைக்காதீர்கள் என்று மெக்கானிக் என்னை எச்சரித்திருந்தார். கொழுந்தன் தலையாட்டினார்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை வேலைக்குப் புறப்படும்போதுதான் அதைக் கவனித்தேன். ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், ரேடியோ ஓரமாக, பூஜ்யம் முதல் மூன்று வரை எண் போட்ட சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். அது எப்போதும் பூஜ்யத்தில்தான் நிற்கும். அன்று மூன்றில் இருந்தது. அது எதற்கு என்றே எனக்கு அதுவரை தெரியாது. கேன்டீன் வாசலில் காரை நிறுத்திவிட்டு, டேஷ்போர்டு பெட்டியில் இருந்த கையேட்டை எடுத்து மலாய்ப் பக்கங்களை விரலால் தடவித் தடவிப் படித்தேன். பின்னால் பாரம் ஏற்றினால் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளுமாம். அப்போது முன்விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். அதைத் தாழ்த்தத்தான் சக்கரம். ஆள் மட்டும் போனால் பூஜ்யம். பூட் என்கிற பின்பெட்டி நிறைய பாரமும் ஓட்டுநர் ஒருவரும் என்றால் மூன்று.

அப்படியானால் ஞாயிறன்று என் காரில் பாரம் ஏறியிருக்கிறது.

அதன்பிறகு என் கண்ணுக்கு எல்லாமே தடயமாகத் தெரிந்தது. கூரைமேல் இருக்கும் கேரியரின் இடப்பக்கக் காலில் புதிதாக ஒரு கீறல். அதன் திருகில் சிக்கிய நைலான் கயிற்றின் நுனி. பூட் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் ஸ்பேர் டயரைச் சுற்றி வெள்ளையாகத் தூள். எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழத்தைத் திருடி காரில் கடத்திப் பிடிபட்டவர்களைப் பற்றி கேன்டீனில் அடிக்கடி பேசுவார்கள். காரின் சொந்தக்காரரையும் விசாரணைக்குக் கூப்பிடுவார்களாம். நான் குனிந்து கம்பளத்தை மோந்து பார்த்தேன். எண்ணெய் வாசனை வருகிற மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது.

கூட வேலை செய்கிற ஒருத்தி இன்னொரு கதை சொன்னாள். அவள் சித்தப்பா காரை இரவல் கொடுத்தாராம். திரும்பி வந்தபோது புது பேட்டரிக்குப் பதிலாகச் செத்த பேட்டரி இருந்ததாம். எங்கள் பேட்டரியும் புதிதுதான்.

அன்றிலிருந்து நான் ஒரு வேலை செய்ய ஆரம்பித்தேன். பேட்டரியும் அதைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையும் சேரும் இடத்தில், பாதி இதன்மேலும் பாதி அதன்மேலுமாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். யாராவது பேட்டரியைக் கழற்றினால் பொட்டு இரண்டாக உடையும். யாராவது பார்த்துக் கேட்டால் சாமிக் காரியம் என்று சொல்லிக்கொள்ளலாம். தினமும் விடியற்காலையில் விளக்கேற்றிய கையோடு வெளியே வந்து பொனெட்டைத் திறந்து பொட்டைப் பார்ப்பேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் விழித்துவிடக் கூடாதே என்று பொனெட்டை இரண்டு கையாலும் தாங்கி மெல்ல இறக்கி, சத்தமில்லாமல் அமுக்கி வைப்பேன். சாமி மேடையின் கதவைச் சாத்துகிற மாதிரி.

பொட்டு சில நாள் முழுதாக இருந்தது. திங்கட்கிழமைகளில் கரைந்திருந்தது.

இன்னொன்றும் நடந்தது. சாயங்காலம் வேலை முடிந்து காரிடம் வந்தால், பொனெட்டின் விளிம்பு ஒரு விரல் அளவுக்குத் தூக்கியபடி இருந்தது. திங்கள் மட்டுமில்லை, புதன், வியாழன் என்று எல்லா நாளும். அப்படியானால் நான் இல்லாத நேரத்தில், என் கார் நிற்கிற இடத்துக்கே வந்து யாரோ திறக்கிறார்கள். கொழுந்தன் வேலை செய்யும் கிடங்கு கேன்டீனிலிருந்து நடக்கிற தூரம்தான். இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ரேடியோவை நிறுத்தாமலேயே கேட்டார்.

"நீ கேன்டீனுக்குப் போயிருக்கக் கூடாது. போலீசுல சேர்ந்திருக்கணும். அவன் சின்னப் பிள்ளையில என் செருப்பைக்கூடக் கேட்டுட்டுதான் போட்டுப்பான்."

தம்பியைத் தாங்கிப் பேசுகிறார் என்று அவர்மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. சாப்பாட்டு மேசையில் கொழுந்தன் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டால்கூட, பாரம் தூக்கினவன் பசி இது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். பள்ளி திறக்க இரண்டு வாரம்தான் இருந்தது. இந்த ஞாயிறு தடயம் கையில் கிடைத்தால் சாவியைக் கொடுப்பதை நிறுத்திவிடுவது என்று தீர்மானித்தேன். கார் இல்லாவிட்டால் அவரால் சிகாமட் வீட்டை முடிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் தீர்மானித்தேன்.

சனிக்கிழமை, நானும் வருகிறேன், பிள்ளையைப் பார்த்து நாளாகிவிட்டது என்றேன். அவர் முகம் ஒரு நொடி மாறியது. அதையும் குறித்துக்கொண்டேன்.

ஞாயிறு விடியற்காலை வழக்கம்போலப் பொனெட்டைத் திறந்து புதுப் பொட்டு வைத்தேன், வழக்கம்போல மெல்ல மூடினேன். புறப்படும்போது கொழுந்தன் பொனெட்டைத் திறக்கப் போனார். தூரம் போவதற்கு முன்னால் தண்ணீர், எண்ணெய் பார்ப்பாராம். புதுப் பொட்டு கண்ணில் படுமே என்று, அவர் அதைத் திறப்பதை நான் விரும்பவில்லை. நேற்றே பார்த்துவிட்டேன், நேரமாகிறது, ஏறுங்கள் என்று பொய் சொன்னேன். அண்ணி பேச்சை மீறாமல் ஏறிக்கொண்டார்.

ஆயர் ஈத்தாம் தாண்டி நெடுஞ்சாலையில் ஒரு லோரியை முந்திக்கொண்டிருந்தோம். பொனெட் நடுங்குவது எனக்கும் தெரிந்தது. சாலை கரடுமுரடு என்று நினைத்தேன். லோரியைக் கடந்ததும் காற்று மோதி, டக்கென்று பொனெட் ஒரு கை அளவு எழும்பி நின்றது. சாலையில் பாதி மறைந்துபோனது. என் மடியில் இருந்த சாப்பாட்டுத் தூக்கு உருண்டது.

அவர் பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. அவசர விளக்கைப் போட்டு, காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, இடது ஓரத் தடத்துக்குக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். நின்ற பிறகு, இடப்பக்கக் கதவால் இறங்கி இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள் என்றார். போய் நின்றேன்.

அவர் பொனெட்டின் இடுக்கில் விரலை விட்டுத் தடவி ஏதோ நெம்பினார். அது திறந்தது. உள்ளே பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இந்தக் கொக்கி ரெண்டாவது கொக்கி அண்ணி. மொத பூட்டு விழவே இல்ல. இது ஒண்ணுதான் இவ்வளவு தூரம் புடிச்சிட்டு வந்திருக்கு. இதுவும் விட்டிருந்தா பொனெட் அப்படியே கண்ணாடியில வந்து அடிச்சிருக்கும்."

பிறகு பொனெட்டைத் தாங்கும் குச்சியை எடுத்து மடித்துவிட்டு, பொனெட்டை ஒரு சாண் உயரத்தில் பிடித்துக் காட்டினார்.

"கையால அமுக்கக் கூடாது. இந்த அளவுக்கு இறக்கி விட்டுடணும். சத்தம் கேக்கணும். சத்தம் கேட்டாதான் பூட்டு."

விட்டார். டம் என்று மூடியது. விளிம்பு விரல் நுழையாமல் படிந்து உட்கார்ந்தது. அத்தனை நாள் நான் கேட்காத சத்தம். கேட்கக் கூடாது என்று நானே பார்த்துக்கொண்ட சத்தம். புதன், வியாழன், எல்லா நாளும் தூக்கிக்கொண்டு நின்றது ஏன் என்று அந்த இடத்தில் புரிந்தது. யாரும் வந்து திறக்கவில்லை.

அவர் என் விரலைப் பார்த்தார். குங்குமம் நகத்தோரத்தில் இருந்தது. நான் கையை முந்தானையில் மறைத்தேன்.

"பேட்டரிக்குப் பொட்டு வைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும் அண்ணி. புது பேட்டரி நீடிச்சு நிக்கட்டும்னு கும்புடுறீங்கன்னு நினைச்சேன். ஒவ்வொரு ஞாயிறும் பொட்டு கலையாம பேட்டரிக்குத் தண்ணி ஊத்தப் பாப்பேன். ரெண்டு சொட்டு பட்டுடும்."

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். குரல் இறங்கிப்போனது. லோரிகள் போய்க்கொண்டிருந்தன, ஒவ்வொன்றுக்கும் கார் ஆடியது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சக்கரம் மூன்றில் இருந்ததே என்றுதான் என் வாயில் வந்தது.

அவர் தலை குனிந்துகொண்டார். குத்தகைக்காரர் என்று யாரும் இல்லையாம். யோங் பெங்கில் ஒரு நண்பர் வீடு கட்டி மிஞ்சிய தரை ஓடுகளைத் தந்திருக்கிறார். வாராவாரம் அவற்றையும் சிமெண்டையும் பூட்டில் ஏற்றிப்போய், தானே பதித்திருக்கிறார். கேரியரில் கதவுச் சட்டத்துக்கான பலகை. பாரம் ஏற்றாதீர்கள் என்று நான் சொன்ன பிறகு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லையாம்.

"பொய் சொன்னது தப்பு அண்ணி. இன்னும் ஆறு பெட்டி ஓடு இருக்கு. அடுப்படி மட்டும்தான் பாக்கி. காரை எடுக்க வேணாம்னு சொன்னா சரி, நான் வேற ஏதாச்சும் பாக்குறேன்."

நான் காரில் ஏறிக் கையேட்டை எடுத்தேன். பேசத் தெரியாதவளுக்கு அது உதவியது. கேரியரில் எவ்வளவு எடை தாங்கும், பூட்டில் எவ்வளவு என்று எழுதியிருந்த பக்கத்தைத் தேடி அவரிடம் நீட்டினேன். இரண்டு நடையாக எடுத்துக்கொள்ளலாம், இன்றைக்கு மூன்று பெட்டி என்று மட்டும் சொன்னேன்.

யோங் பெங்கில் ஓடு நிறைந்த பெட்டிகளை நண்பர் தூக்கிவந்தபோது நானும் ஒரு முனையைப் பிடித்தேன். பூட்டில், பின்சீட்டின் முதுகோடு ஒட்டி, அடியில் வைத்தோம். மேலே கேரியரில் இரண்டு பலகை மட்டும். கயிற்றை நடுவில் மட்டும் கட்டாமல் முன்னும் பின்னும் சேர்த்து இழுத்துக் கட்டினார். பத்து நிமிடம் ஓட்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்கினார். லாபிஸ் அருகே மழை பிடித்துக்கொண்டது. அவர் விளக்கைப் போட்டார். நான் எட்டி அந்தச் சக்கரத்தை மூன்றுக்குத் திருப்பினேன். அவர் பார்த்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த வீட்டைப் பார்த்தேன். கூடத்துத் தரையில் ஒரு வரிசை நீலம், ஒரு வரிசை சாம்பல். மிஞ்சிய ஓடுகள் என்பதால் நிறம் ஒன்றுபோல் இல்லை. ஆனால் மட்டமாக இருந்தது. பிள்ளை செருப்பில்லாமல் அதன்மேல் நீலத்தில் மட்டும் கால் வைத்துத் தாவிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில், அடுத்த வாரம் சாவியை என்னிடம் கேட்க வேண்டாம், ஆணியிலேயே மாட்டி வைக்கிறேன் என்றேன். சரி அண்ணி என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. விளக்குச் சக்கரம் மூன்றிலேயே இருந்தது, நான்தான் மறந்திருந்தேன். பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு வேலைக்குப் போனேன்.