முதல் தொகுதிப் பங்காளிகள்

தனிம வரிசை அட்டவணை எனக்குக் கனவில் வரும். சொன்னால் சிரிப்பார்கள். கனவில் கட்டங்கள் எல்லாம் சின்னச் சின்ன வீடுகள். வெயிலும் இல்லாமல் இருட்டும் இல்லாமல் ஒரு வெளிச்சம். நான் பாட்டுக்குத் தெருத்தெருவாக நடந்துகொண்டிருப்பேன். அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவளுக்கு வேறு என்ன கனவு வரும்?

எனக்குப் பிடித்தது இடதுகோடித் தெரு, அதாவது முதல் தொகுதி. அணுவின் நடுவில் இருக்கும் புரோட்டான்களின் எண்ணிக்கைதான் வீட்டின் கதவு எண். சுற்றிலும் கூடு கூடாக எலக்ட்ரான்கள். முதல் கூட்டில் இரண்டுக்குத்தான் இடம், அடுத்ததில் எட்டு. இடம் நிரம்பிவிட்டால் அடுத்து வரும் எலக்ட்ரான் வெளியே ஒரு புதுக் கூட்டில் போய் ஒண்டியாக உட்காரும். அட்டவணையிலும் அங்கேதான் புது வரி தொடங்கும். அதனால் வரியின் முதலில் நிற்கிற லித்தியம், சோடியம், பொட்டாசியம் எல்லாருக்கும் வெளிக்கூட்டில் ஒற்றை எலக்ட்ரான்தான். அதை எப்போது உதறலாம் என்றே அலைவார்கள். "பங்காளிங்கடா இவங்க. மொகம் வேற, கொணம் ஒண்ணு" என்பேன் வகுப்பில். "அப்ப சொத்துத் தகராறு வருமா டீச்சர்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து யாராவது கேட்பார்கள். சாக்பீஸை விட்டெறிவேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல்.

என் தங்கை என்னோடுதான் இருக்கிறாள். ரவிக்கை தைக்கிறாள். அவளுக்கு ஒரு நோய் உண்டு. சில வாரம் தூக்கமே இல்லாமல், தைத்துக்கொண்டும் பாடிக்கொண்டும், உலகத்தையே விலைக்கு வாங்கிவிடுவது போலப் பேசிக்கொண்டும் இருப்பாள். பிறகு ஒரு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அந்த நாட்களில் அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துப் பார்த்தே நான் பாதியாகிவிட்டேன்.

புதுக்கோட்டை டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அட்டையைத் திருப்பிப் படித்தேன். லித்தியம். வகுப்பில் பார்க்கிற பிள்ளையைச் சந்தையில் எதிர்பாராமல் பார்த்தது போல் இருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் அதன் உப்பைச் சுடரில் காட்டி, செக்கச்செவேலென்று எரிவதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அதுவா இவளுக்கு மருந்து என்று வியந்தேன். டாக்டர் நிறையச் சொன்னார். அடிக்கடி ரத்தம் பார்க்கணும், தண்ணீர் குடிக்கணும், உப்பைக் குறைக்கக் கூடாது. "எங்க வீட்டுக் கொழம்பச் சாப்பிட்டுப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்று நான் சிரித்தேன். மாத்திரை வேலை செய்தது. தங்கை ராத்திரி தூங்கினாள், காலையில் எழுந்தாள். இதைவிடப் பெரிய சந்தோஷம் எங்கள் வீட்டில் வேறு நடந்ததில்லை.

இந்தப் பங்குனியில் அம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். அவளும் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தாள். என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மதியம் ஒருவேளைதான் சாப்பாடு என்று மட்டும் சொன்னாள். தனக்கெனத் தனிச் சட்டியில் பொங்கிக்கொண்டாள். அந்த நேரத்தில் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். மாத்திரை நின்றுபோக வேண்டும் என்றுதான் சாமியிடம் கேட்கிறாளோ என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது. அட்டையை எண்ணிப் பார்த்தேன். ஒழுங்காகத்தான் விழுங்கியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மதியம். தையல் மெஷின் சத்தம் விட்டுவிட்டு வந்தது. எட்டிப் பார்த்தேன். ஊசிக்கண்ணில் நூலைக் கோக்க முயன்றுகொண்டிருந்தாள், விரல்கள் நடுங்கின. "அக்கா, வீடு மெதக்குதுக்கா" என்றாள். நாக்கு குழறியது. எழுந்தவள் தோணியில் நிற்கிறவள் போல ஆடினாள். முகத்தில் மட்டும் ஒரு புன்சிரிப்பு.

"என்னடி சாப்ட்ட?" என்றேன். சட்டியைக் காட்டினாள். மிச்சமிருந்த சோற்றில் ஒரு வாய் எடுத்துப் போட்டேன். உப்பே இல்லை. ஒரு கல்கூட இல்லை. காப்புக் கட்டிய நாளிலிருந்து இப்படியா என்றேன். தலையாட்டினாள்.

கையில் சோற்றோடு அப்படியே நின்றேன். கண்ணுக்கு முன்னால் இடதுகோடித் தெரு தெரிந்தது. மூன்றாம் எண் லித்தியம், அதற்கு நேர் கீழே பதினொன்றாம் எண் சோடியம், சாப்பாட்டு உப்பில் இருக்கிறவன். அந்த ஒற்றை எலக்ட்ரானை உதறிவிட்டு வந்து நின்றால் உடம்புக்கு இருவரும் ஏறக்குறைய ஒன்றுதான். சோற்றில் உப்பு வராமல் போனால் சிறுநீரகம் இருக்கிற சோடியத்தை வெளியே விடாமல் இறுக்கிப் பிடிக்கும். அந்தப் பிடியில் லித்தியமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். தினமும் வெளியேற வேண்டியது வெளியேறாமல், மருந்தே விஷமாகச் சேர்ந்துகொண்டிருந்தது. வருடா வருடம் கரும்பலகையில் எழுதியது என் வீட்டுச் சட்டியில் வந்து உட்கார்ந்திருந்தது. ஓடிப்போய் ஆட்டோ பிடித்துவந்தேன்.

ஆட்டோவில் என் மடியில் சாய்ந்து கிடந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நான் சொன்னதைக் கேட்டதும் உடனே ரத்தம் எடுத்தார், மாத்திரையை நிறுத்தச் சொன்னார். நர்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து மாட்டினார்.

"குளுக்கோஸாக்கா?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

எங்கள் ஊரில் எந்தப் பாட்டில் ஏற்றினாலும் அது குளுக்கோஸ்தான். ஆமாம் என்றால் முடிந்தது. ஆனால் இவளிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"இல்லடி. உப்புத் தண்ணி."

சட்டென்று கையை இழுத்து நெஞ்சோடு மடக்கிக்கொண்டாள். நர்ஸ் அதட்டினார். டாக்டரம்மா கெஞ்சினார். "காப்பு அவுக்கிற வரைக்கும் உப்பு சேக்கக் கூடாது" என்று குழறிக் குழறிச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் அவளை அறைந்திருப்பேன். அழுகைதான் வந்தது.

அவள் காதோடு குனிந்து, நான் வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன். "ஒன் மாத்திரையும் உப்பும் பங்காளிங்கடி. உப்பு உள்ள வரலேன்னா ஒடம்பு ரெண்டு பேரையும் வெளிய விடாது. மருந்து போகாம உள்ளயே தங்கிருச்சு. அதான் ஒன்னையக் கொல்லுது."

அவள் தூங்கிவிட்டாளோ என்று பயந்தேன். பிறகு கண்ணைத் திறந்தாள்.

"தங்கிருச்சா?"

"ஆமா."

"நான் என்ன வேண்டுனேன்னு ஒனக்குத் தெரியாதுல்லக்கா." நாக்கைச் சிரமப்பட்டுப் புரட்டினாள். "அந்த மருந்து என் ஒடம்ப விட்டுப் போயிரவே கூடாதுன்னு கேட்டேன். பழையபடி செவத்தப் பாத்துப் படுக்க என்னால முடியாதுக்கா."

அவள் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"அப்ப ஆத்தா குடுத்துட்டாள்ல?"

"குடுத்துட்டாடி."

"அப்பன்னா வேண்டுதல் முடிஞ்சிருச்சு" என்றாள். மெதுவாகக் கையைப் பிரித்து, மஞ்சள் கயிற்றோடு நர்ஸிடம் நீட்டினாள். "ஏத்துங்க."