கணினிக்கு அடித்த இரண்டு மருந்து

தாப்பாவில் நான் ஐந்து மாதம் வாடகைக்கு இருந்த அறை, ஓர் அக்கா வீட்டின் பின்பக்கம். அக்காவும் அவர் தங்கையும் அந்த வீட்டில் இருந்தார்கள். இருவரும் பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்கள். ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது, லயம் இடிந்தது, இவர்கள் இங்கே வந்தார்கள்.

தங்கைக்கு நாற்பத்திரண்டு வயது. பிறப்புப் பத்திரம் கிடையாது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி அட்டையோடு கையுறைத் தொழிற்சாலையில் வேலை. திங்கட்கிழமை ஈப்போவில் குடியுரிமைக்கான நேர்காணல். பிறந்தது இந்த மண்ணில்தான் என்று காட்ட அவருக்கு இருந்தது ஒரே கடிதம். தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரெசர், தங்கை பிறந்த வாரம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது. அசலைக் கரையான் தின்றுவிட்டது. நல்லவேளை, அதற்கு முன்பே அக்காவின் மகன் அதை ஸ்கேன் செய்து கணினியில் போட்டுவைத்திருந்தான். இப்போது அவன் ஜோகூரில் வேலை செய்கிறான்.

வெள்ளிக்கிழமை தங்கை நேர்காணலுக்கு வேறொரு கடிதத்தைப் போட்டோஸ்டேட் கடையில் டைப் செய்து பென்டிரைவில் வாங்கி வந்தார். அதை வீட்டுக் கணினியில் சொருகியதும் எல்லாக் கோப்புறைகளின் மேலும் சின்ன அம்புக்குறி முளைத்தது. எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை.

காம்பாரில் ஒரு கணினிக் கடையில் எட்டு மாதம் இருந்தேன் என்று முன்பு அக்காவிடம் சொல்லியிருந்தேன். என்ன வேலை என்று சொல்லவில்லை.

"தம்பி, இதுக்கு என்னா வந்துச்சு?"

"வைரஸ் அக்கா."

"மருந்து இருக்கா?"

"இருக்கு. போட்டுடலாம்."

அதற்கும் முன்னால் இரண்டு வருடம் செம்பனையில் முதுகில் தொட்டி சுமந்து மருந்து அடித்திருக்கிறேன். லாலாங் புல் ஒரு மருந்துக்குச் சாகாவிட்டால் இன்னொன்றைக் கலந்து அடிப்போம். நான் முழுதாகக் கற்ற விஞ்ஞானம் அது ஒன்றுதான். முதலில் இறக்கிய வைரஸ் மருந்து ஒரு மணி நேரம் ஓடி, நூற்றுக்கு நாற்பதிலேயே நின்றது. பொறுமையில்லாமல் இரண்டாவதையும் இறக்கினேன்.

பிறகு கணினி எழுந்தது, சின்னம் காட்டியது, இருண்டது. மறுபடி எழுந்தது, இருண்டது.

"அண்ணே, எத்தன வாட்டி எந்திரிச்சிச்சு?" என்றார் தங்கை.

"பதினொன்னு."

"நைட் ஷிப்ட் முடிச்ச ஆளு மாதிரி இருக்குலா."

சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மதியம் காம்பார் கடைச் சீன முதலாளிக்குப் போன் செய்தேன். அவர் மலாயில் திட்டினார். வைரஸ் கோப்புகளை மறைக்கத்தான் செய்தது, கணினியைப் படுக்கவைத்தது நான்தான் என்றார். ஒரு வீட்டுக்கு இரண்டு காவல்கார ஜாகாவை வைத்தால் ஒருவனை ஒருவன் திருடன் என்று பிடித்து அடித்துக்கொள்வான், வீடு தூங்காது என்று விளக்கினார். எழும்போதே எஃப் எட்டுப் பொத்தானை விடாமல் தட்டு, சேஃப் மோடில் போய் ஒன்றை நீக்கு என்றார்.

தட்டினேன். ஐந்தாவது முறை கறுப்புத் திரையில் சேஃப் மோட் வந்தது. இரண்டாவது மருந்தை நீக்கினேன். கணினி ஒழுங்காக எழுந்தது. மிச்சமிருந்த முதல் மருந்து இந்த முறை முழுதாக ஓடி, அம்புக்குறிகளை எல்லாம் தின்றது. மகனின் கோப்புறை காலியாக இருந்தது.

"மருந்து சூராட்டையும் சேத்துக் கொன்னுடுச்சா?" என்றார் அக்கா. சூராட் என்றால் கடிதம். பிறகு என்னைப் பார்த்தார். "நீ அந்தக் கடையில என்னா வேலைதான் பார்த்த?"

"கூட்டிக்கிட்டு இருந்தேன்."

"கணக்கா?"

"தரைய."

தங்கை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். மறைத்த கோப்புகளைக் காட்டு என்று ஓர் இடத்தில் குறி போட வேண்டும், கீழே இன்னொரு இடத்தில் குறியை எடுக்க வேண்டும் என்று முதலாளி சொன்னதை அப்போதுதான் செய்தேன். கோப்புகள் வெளுத்த சட்டை மாதிரி மங்கலாகத் தெரிந்தன. அவரைக் கூப்பிட்டேன்.

மூவரில் ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன். பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்ற ஆங்கிலம். திரையில் படித்துச் சொன்னேன். தேதி, அப்பா பெயர், அம்மா பெயர், மூன்றாவது லயம். பெண் குழந்தை, ஆறு பவுண்டு. பெயர் இன்னும் வைக்கவில்லை.

தங்கை அதை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"பேரே இல்லையா? அப்ப அது யாரு வேணாலும் இருக்கலாம்ல, அண்ணே?"

"யாரு வேணான்னா?" என்றார் அக்கா. "அந்த வருசம் நம்ம லயத்துல பொறந்த பொட்டப்புள்ள நீ ஒருத்திதான். டிரெசரக் கூப்புட ஓடுனதே நான்தான். எட்டு வயசு. செருப்பு கூட இல்ல."

"இத இவ்வளவு நாளா எங்கயாச்சும் சொன்னியா?"

"யாரு கேட்டா?"

பென்டிரைவை யாரும் நம்பவில்லை. தங்கை திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து வேறு கடையில் அச்செடுத்தார்.

திங்கட்கிழமை மூவரும் பஸ் ஏறினோம். அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, பிறந்ததைப் பார்த்தவர் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று மலாயில் கேட்டார். வகுப்பில் பிள்ளைகள் கை தூக்குவதுபோல் அக்கா கையை உயர்த்தினார். இருவரையும் உள்ளே கூட்டிப் போனார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். அக்கா சத்தியக் கடுதாசி கொடுக்க வேண்டும், பிறகு கூப்பிடுவார்களாம்.

"அந்தச் சூராட்ட பைலுக்குள்ள வெச்சுட்டாங்க, அண்ணே," என்றார் தங்கை. "திருப்பிக் குடுக்கல."

அடுத்த மாதம் நான் அறையைக் காலி செய்தேன். அதுவரை கூப்பிடவில்லை.