குளத்துப் புழுவுக்கு நான் வைத்த பெயர்

எழுபதுகளின் கடைசி. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். விலங்கியலில் பட்டம் வாங்கிய மருமகள் என்று மாமனாருக்கு அப்படியொரு பெருமை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். எனக்கும் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை.

வீட்டுத் தோட்டத்தில் கல் கட்டிய சின்னக் குளம் ஒன்று உண்டு. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. எங்கள் குளத்தில் மழைத் தண்ணீர். எங்கள் காட்டில் பருத்தி எடுக்கும் பெண் ஒருத்தி தினமும் காலையில் இரண்டு குடம் மொண்டு போவாள். கைக்குழந்தைக்காரி.

ஒருநாள் படியோரம் தண்ணீருக்குள் ஏதோ நெளிந்தது. ஒன்றரைச் சாண் நீளம், கம்பி மாதிரி ஒல்லி, பழுப்பு நிறம். தலை எது, வால் எது என்று தெரியவில்லை. தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடந்தது. மாமனார் என்னைக் கூப்பிட்டார்.

"நீ படிச்சவல்லா, இது என்னதும்மா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! "நரம்புச் சிலந்திப் புழு மாமா" என்றேன். காலில் கொப்புளம் கட்டி வெளியே வரும், அந்தக் காலோடு தண்ணீரில் இறங்கினால் பரவும், குடிக்கிறவர்களுக்கெல்லாம் வரும் என்று முழுப் பாடத்தையும் ஒப்பித்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே.

அந்த நேரம் பார்த்து அந்தப் பருத்தி எடுக்கிறவள் குடத்தோடு வந்தாள். கணுக்காலில் துணிக்கட்டு.

"ஏட்டி, கால்ல என்ன?" என்றார் மாமனார்.

"உடமுள்ளு குத்திட்டு மொதலாளி."

"முள்ளா? குடிக்கிற தண்ணியில புழுவ விட்டுட்டு முள்ளுன்னா சொல்லுத? இனிமே இங்கன கால வைக்காத."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்த்திருந்தால் போதும். செய்யவில்லை. வெறுங்குடத்தோடு போனாள். சாயங்காலமே தோட்டக் கதவில் பூட்டு தொங்கியது.

நாலு நாள் கழித்துப் பூப்பறிக்கப் போனேன். குளத்தில் ஒரு வெட்டுக்கிளி விழுந்து தத்தளித்தது. அதன் பின்புறத்திலிருந்து பழுப்பு நூல் ஒன்று நீண்டது, நீண்டுகொண்டே வந்தது. அதே புழு! வீட்டுக்கு விரைந்தேன். பெட்டியிலிருந்த பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். குதிரைமயிர்ப் புழு. பூச்சிகளின் வயிற்றில் வளர்வது, மனிதரை ஒன்றும் செய்யாது. நரம்புச் சிலந்தியோ பால் வெள்ளை, இப்படித் தண்ணீரில் நெளிந்து திரியாது. இதையெல்லாம் எழுதித்தான் பரீட்சையில் மார்க் வாங்கியிருந்தேன், பாவி.

மாமனாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பூட்டைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் சிரித்தார்.

"எந்தப் புழுவா இருந்தா என்னம்மா? நமக்குத் தண்ணி மிச்சம்லா."

அதற்கு மேல் பேச எனக்குத் தைரியம் இல்லை. மத்தியானம் அவள் வீட்டைத் தேடிப் போனேன். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். காலில் கட்டு இல்லை. முள் குத்திய இடம் பொருக்குத் தட்டியிருந்தது.

"தப்பு என் மேலதான். அது ஒன் கால்ல இருந்து வந்த புழு இல்ல. வெட்டுக்கிளி வயித்துல இருந்து வந்தது" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. விறுவிறுவென்று உள்ளே போய்க் குடத்தை எடுத்து வந்தாள்.

"அப்பம் இப்பமே வாரேன் தாயி. பிள்ளைக்கு உப்புத்தண்ணி சேரல. நாலு நாளா வயித்தால போகுது."

ஒரு இடுப்பில் பிள்ளை, மறு இடுப்பில் குடம். எனக்கு முன்னால் எங்கள் தோட்டத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். கதவைத் திறக்க மாட்டார்கள் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.