துறைமுகத்தில் வைத்த சலாம்

1926 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை காலை ஷம்ஷாத் ரங்கூன் கப்பல் ஏறினாள். ஒரு துரைசானியின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆங்கிலோ-இந்தியப் பெண் என்று சொல்லி, வேலைக்குக் கொடுத்த பெயர் ஸ்டெல்லா. முகம் தெரியாத வெள்ளைக்கார அப்பா விட்டுப்போன பூனைக்கண்ணும் வெளுத்த தோலும் அந்தப் பொய்க்குத் துணை நின்றன.

வழியனுப்ப மயிலாப்பூரிலிருந்து அம்மா ஹாஜிரா பீ வந்திருந்தாள். பங்களாக்களுக்குக் கவுன் தைத்துப் பிழைக்கிறவள். பயணம் போகிறவர் கையில் துணியில் காசு முடிந்து கட்டிவிடுவது அவர்கள் வழக்கம். துணியோடு அவள் கிட்டே வரவும் துரைசானி திரும்பினாள். யாரிவள் என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"ஆயா," என்றாள் ஷம்ஷாத். "என்னை வளர்த்தவள்."

அந்த அளவு இங்கிலீஷ் ஹாஜிரா பீக்குத் தெரியும். துணியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு, "சலாம், மிஸ்ஸியம்மா," என்று பெற்ற மகளுக்கே குனிந்து சலாம் வைத்தாள்.

ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று எட்டு வருஷம். எந்த ஊரிலும் அந்தச் சலாம் அவளை விடவில்லை. கடிதம் எழுத உட்கார்ந்தால் 'அம்மா' என்ற முதல் வார்த்தையிலேயே பேனா நின்றுவிடும். எழுதாமலே மயிலாப்பூருக்குத் திரும்பினாள். அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

வீட்டுச் சாவி அடுத்த வீட்டு ஜஹீதாவிடம் இருந்தது.

"இன்னாம்மா தொரசானி, வழி தெரிஞ்சுதா?"

"அம்மாவ ஆயான்னு சொல்லிட்டேன்," என்றாள் ஷம்ஷாத், சாவியை வாங்கும் முன்பே.

"தெரியும். சொல்லிச் சொல்லி சிரிப்பா. 'எம்பொண்ணு சொன்ன பொய்ய கப்பலே நம்பிடுச்சி'ன்னு. அப்பால மூஞ்சிய மூடிக்கினு குந்திக்கினு இருப்பா."

ஷம்ஷாத் கவுனை மூட்டை கட்டினாள். புடவை கட்டி, முக்காடு போட்டு, அம்மாவின் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டாள். யார் கேட்டாலும் ஹாஜிரா பீ மகள் என்றே சொன்னாள். சொல்லும்போதெல்லாம், திருடிய நகையைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் உடம்பு கூசியது.

அந்தத் தெருவில் கல்யாணத் துணியை வெட்ட முதல் கத்தரி வைக்கும் மரியாதை ஹாஜிரா பீயுடையது. அவளுக்குப் பிறகு யார் யாரோ வைத்தார்கள். ஷம்ஷாத்தை எவரும் கூப்பிடவில்லை. நியாயம்தான் என்று கதவைச் சாத்திக்கொள்வாள்.

1937இல் ஜஹீதாவின் மகள் வஜீஹாவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. பக்கத்து வீடானாலும் ஆள் விட்டு அழைப்பதுதான் மரியாதை. அழைப்புக்காரி வாசலில் நின்று, சொல்லி அனுப்பியதை அப்படியே ஒப்பித்தாள்:

"வெள்ளிக்கெழம துணி வெட்றோம். ஹாஜிரா பீ பொண்ணு வந்து கத்தரி வெக்கணும். வரலன்னா துணி அப்டியே கெடக்கும்."