உள்ளே போன வழியும் வெளியே வந்த வழியும்

இந்த முறை லீவுக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்பே நான் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய இடங்களின் பட்டியல். சும்மா ஊர் சுற்றுவதற்கு இல்லை, நாலு விஷயம் தெரிந்துகொள்வதற்கு. நான் பத்தாம் வகுப்போடு சபுர் கிளம்பியவன். எங்கள் கடற்கரை ஊரில் வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதிக்கிறவனைச் சபுராளி என்பார்கள். மற்ற சபுராளிகள் பிள்ளைகளுக்குச் சாக்லேட்டும் ரிமோட் காரும் கொண்டுவருவார்கள், நான் அறிவைக் கொண்டுபோவேன் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தபோது என்னையே எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

கிடங்கில் வேலை முடிந்து வந்ததும் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் இதையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த இடம் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்தக் கிழமை விடுமுறை, அங்கே பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்ளலாம். அறையில் எனக்குக் கீழே படுக்கிற கீழ்க்கட்டில்காரர் தங்கச்சிமடத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். “ஏலே, புள்ளைகளப் பார்க்கப் போறியா, இல்ல பள்ளிக்கூடம் நடத்தப் போறியா?” என்பார். படிப்பின் அருமை இவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஆறு. மகனுடைய பள்ளிக்கூடத்தில் கோடை விடுமுறைக்கு ஒரு நோட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கட்டம். ஒன்றில் ‘சென்ற இடம்’, மற்றதில் ‘கற்றுக்கொண்டது’. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பட்டியலுக்கென்றே அச்சடித்தது போல இருந்தது.

பட்டியலில் முதல் இடம் மதுரை அருங்காட்சியகம். ஊருக்கு வந்து நான்காம் நாள், விடிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் கிளம்பினோம். பிள்ளைகளுக்கு நான் கொண்டுவந்த புதுத் துணி. மனைவி இட்லியும் மீன் குழம்பும் கட்டி எடுத்துக்கொண்டாள். எங்கள் தெருவில் எல்லோரும் எப்போதும் கூப்பிடுகிற வெள்ளை வாடகைக் கார்தான் வந்தது. மகன் ஏறுவதற்கு முன்னால் காரின் பின்பக்கம் போய் நின்றான். டிக்கியைத் திறந்து காட்டச் சொன்னான். டிரைவர் சிரித்துக்கொண்டே திறந்து காட்டினார். உள்ளே பெட்டி எதுவும் இல்லை, ஒரு ஸ்டெப்னியும் தண்ணீர் கேனும் மட்டும் இருந்தன.

ராமநாதபுரம் தாண்டும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை. நான் கீழடியில் தோண்டி எடுத்த பானைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். மதுரை ரோட்டில் வண்டி வேகம் எடுத்ததும் அவன் என் சட்டையைப் பிடித்தான். பரமக்குடி வருவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டான். வீம்புக்கு அழுகிற அழுகை இல்லை அது. மூச்சு வாங்கியது, புதுச் சட்டையெல்லாம் வாந்தி. நான் என்ன ஏது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்குக் கோபம்தான் முதலில் வரும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். “ஆம்பளப் புள்ள இப்பிடியா அழுகுறது? மியூசியம் பார்க்கத்தானே போறோம்?” என்று சத்தம் போட்டேன்.

மகள் சன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள், “அன்னைக்கும் இதே காருதான் வாப்பா. அன்னைக்கும் ஏரோப்ளேன் எப்பிடிப் பறக்குதுன்னு காட்டுறேன்னுதான் தம்பியக் கூட்டிட்டுப் போனீங்க.”

டிரைவர் தானாகவே வண்டியை ஓரம் கட்டினார்.

இரண்டு வருடம் முன்பு நடந்தது அது. எங்கள் ஊரில் சபுராளி கிளம்பும்போது சின்னப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. தூங்க வைத்துவிட்டுக் கிளம்புவார்கள், இல்லாவிட்டால் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிள்ளை ஏங்கிப்போகும், போகிறவனுக்கும் மனசு உடையும் என்று எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கும். நான் அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தேன். மகனுக்கு அப்போது நாலு வயது. விமானம் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி மதுரை விமான நிலையத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். இறக்கையைப் பற்றியும் காற்றைப் பற்றியும் வழியெல்லாம் பாடம் வேறு. மகளிடம் மட்டும் காதோடு, தம்பிகிட்ட மூச்சு விடாதே என்று சொல்லியிருந்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் போனதும் மகன், “ஏரோப்ளேன் எங்கன வாப்பா?” என்றான். “உள்ள போய்க் கேட்டுட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனேன். போனவன் இரண்டு வருடம் கழித்துத்தான் வந்திருக்கிறேன்.

அதன் பிறகு நடந்தது பரமக்குடி ரோட்டோரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. மனைவி அவன் முகத்தைக் கழுவிவிட்டபடி சொன்னாள். மத்தியானம்வரை அவன் கண்ணாடிக் கதவுப் பக்கத்திலிருந்து நகரவில்லையாம். காவலுக்கு நின்றவரிடம், வாப்பா கேட்டுட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். கடைசியில் இந்த டிரைவர்தான் தூக்கிக்கொண்டு வந்து காரில் போட்டிருக்கிறார். “ஏன் எங்கிட்டச் சொல்லல?” என்று கேட்டேன். “சொன்னா மட்டும் அங்கன உட்கார்ந்துக்கிட்டு என்ன செஞ்சிருப்பீங்க?” என்றாள். வண்டியை ஊருக்குத் திருப்பச் சொன்னேன்.

அன்று மத்தியானமே பட்டியலைத் திருத்த உட்கார்ந்தோம். மதுரை ரோட்டில் இருக்கிற எந்த இடமும் வேண்டாம் என்றாள் மனைவி. கிழக்கே, இல்லாவிட்டால் தெற்கே. மகள் பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்தாள். மகன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வோர் இடத்தின் பெயர் வரும்போதும் அவனுக்கு ஒரே கேள்விதான்: “உள்ள போற வழியும் வெளிய வர்ற வழியும் ஒண்ணா?” ஆறு மாதம் போனைத் தேய்த்தவனுக்கு அது மட்டும் தெரியவில்லை. எந்த இணையதளத்திலும் அதைப் போட்டிருக்கவில்லை.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. எரிச்சலுக்கு அடியில் பயம். இந்த லீவு முடிவதற்குள் நான் சொல்வதை இவன் நம்பவில்லை என்றால், அடுத்த முறை வரும்போது எட்டு வயதாகியிருக்கும். எட்டு வயதுப் பையன் அழமாட்டான், கேள்வியும் கேட்கமாட்டான். பெட்டியை வாங்கி வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவான். அப்படிப்பட்ட பிள்ளைகளை எங்கள் தெருவில் நிறையப் பார்த்திருக்கிறேன். நானே அப்படி ஒரு பிள்ளைதான்.

முதலில் ராமநாதபுரம் அரண்மனைக்குப் போனோம். படியில் கால் வைக்கமாட்டேன் என்று மகன் நின்றுவிட்டான். “நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கன நின்னு பார்க்குறேன்” என்றான். சரி என்று நான் மட்டும் உள்ளே போய், மனதுக்குள் ஐம்பதுவரை எண்ணிவிட்டு, போன வழியாகவே வெளியே வந்தேன். டிக்கெட் கொடுப்பவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். மகன் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு என் விரலைப் பிடித்தான். அதற்குப் பிறகு உள்ளே வந்தான். சுவரிலிருந்த ஓவியங்களை அவன் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேதான் நடந்தான்.

அதுவே வழக்கமாகிவிட்டது. எங்கே போனாலும் முதலில் நான் தனியாகப் போய் ஐம்பது எண்ணிவிட்டு வெளியே வர வேண்டும், பிறகுதான் எல்லோரும் போக முடியும். கலங்கரை விளக்கத்தில் இது என் முட்டியைப் பதம் பார்த்துவிட்டது. ஒரு முறை ஏறி, மேலிருந்து கை காட்டிவிட்டு, இறங்கி, அவனைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் ஏறினேன். மேலே மூச்சு வாங்கிக்கொண்டே, கப்பல்களுக்கு வெளிச்சம் எப்படி வழிகாட்டுகிறது என்று விளக்கினேன். அவன் கீழே எங்கள் கார் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தான்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் மீன் காட்சியகத்தில் கெட்டது. மண்டபம் போகிற வழியில் இருக்கிற சின்ன இடம் அது. வழக்கம்போல நான் உள்ளே போய் எண்ணிவிட்டுத் திரும்பினால், வாசலில் நின்றவர் மறித்தார். “வெளிய போற வழி பின்னாடி இருக்கு சார். இது உள்ள வர்றவங்களுக்கு.” என் பையன் வெளியே நிற்கிறான் என்றேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். அவரோடு நான் வாக்குவாதம் செய்யாமல் இருந்திருந்தால் அரை நிமிடம் மிச்சமாகியிருக்கும். கண்ணாடித் தொட்டிகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு ஓடிப் பின்பக்கம் வந்து, கட்டடத்தைச் சுற்றி வாசலுக்கு வருவதற்குள் அவன் சத்தம் தெருவரை கேட்டது. என்னைப் பார்த்ததும் சத்தத்தை நிறுத்தினான். ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. நான் எந்தப் பக்கமிருந்து வந்தேன் என்று பார்த்து, அந்தப் பக்கம் நடந்துபோய்ப் பின்கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். வீடு வரும்வரை என் பக்கத்தில் உட்காரவில்லை. அடுத்து இரண்டு நாள் வாசலைத் தாண்டவும் இல்லை.

கடைசியாகச் சாயல்குடிப் பக்கம் பறவைகள் வருகிற கண்மாய்க்குப் போனோம். பறவைகள் வருவது மழைக்காலத்தில். நான் போனது மே மாதம். ஆறு மாதம் பட்டியல் போட்டவனுக்கு இதுகூடத் தெரிந்திருக்கவில்லை. தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்த கண்மாய், சுற்றிலும் கருவேலம், தூரத்தில் பனைகள். ஒரு கொக்குகூட இல்லை. மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கும் நிலையில் இல்லை. மகன் சுற்றிலும் பார்த்துவிட்டு, “இதுக்கு கேட்டு எங்கன?” என்றான். கேட்டெல்லாம் இல்லை என்றாள் மகள். அவன் என் கையை விட்டுவிட்டு வெடித்த மண்ணின் மேல் ஓட ஆரம்பித்தான். லீவுக்கு வந்து முதல் தடவையாக அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியதைப் பார்த்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நேரம் போவதே தெரியாமல் நின்றிருந்தேன்.

போகிற நாள் நெருங்கியது. பையனை முதல் நாளே பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. நானும் சரி என்றுதான் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன். அவன் துணியை எடுத்து வைக்கும்போதுதான் அந்த நோட்டு கையில் கிடைத்தது. நானும் மகளும் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவன் எழுதியிருப்பான் என்று நினைத்திருந்தேன். மீன் காட்சியகத்துக்குப் போகும் வழியில், பவளப்பாறை ஓர் உயிர் என்று மூன்று முறை சொல்லியிருந்தேன். அவன் யாரையும் கேட்காமல், கோணல் எழுத்தில், தானாகவே எழுதியிருந்தான்.

அரண்மனை: வாப்பா உள்ளே போனாங்க. வந்துட்டாங்க.

லைட் ஹவுஸ்: வாப்பா மேலே போனாங்க. வந்துட்டாங்க.

மீன்: வாப்பா வேற வழியா வந்தாங்க. வந்துட்டாங்க.

பறவை: கேட் இல்லை.

நான் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மனைவி எட்டிப் படித்துவிட்டு, பையில் வைத்த அவன் துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள்.

சாயங்காலம் அவனைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். “நாளைக்கு ஏர்போர்ட்டுக்குப் போறோம். ஏரோப்ளேன் பார்க்க இல்ல. வாப்பா வேலைக்குப் போறேன். உள்ள போனா உடனே வரமாட்டேன். ரெண்டு நோன்புப் பெருநாள் கழிச்சுத்தான் வருவேன்.” அவன் முகம் கோணியது. அழுது முடிக்கும்வரை நான் கோபப்படாமல் இருந்தேன், எனக்கு அது பெரிய வேலை. பிறகு அவன் கேட்டான், “எந்த வழியா வருவீங்க?” வருகிறவர்களுக்கு வேறு வாசல் இருக்கிறது என்று சொன்னேன்.

மறுநாள் விமான நிலையத்தில் இறங்கியதும் முதலில் அந்த வாசலுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். வெளிநாட்டிலிருந்து வந்த சிலர் வண்டியில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவன் ஒவ்வொருவரையும் பார்த்தான். கம்பியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, “சரி, போங்க” என்றான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். வரிசையில் நின்றபோது என்னை அறியாமலேயே எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பது வந்ததும் கால் தானாகத் திரும்பியது. பின்னால் நின்றவர் என்ன பாய், எதையும் மறந்துட்டீங்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு முன்னால் நகர்ந்தேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் கழித்து மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். திருத்திக் கொடுத்த நோட்டின் கடைசிப் பக்கம். சென்ற இடம்: ஏர்போர்ட். கற்றுக்கொண்டது என்ற கட்டத்தில் ‘வாப்பா உள்ளே போனாங்க’ என்று மட்டும் எழுதியிருந்தது. மற்றப் பக்கங்களில் இருந்ததுபோல அடுத்த வார்த்தை இல்லை. டீச்சர் சிவப்பு மையால் வட்டம் போட்டு, ‘பதில் முழுமையாக இல்லை’ என்று எழுதியிருந்தார்.

எனக்கு வழக்கம்போல முதலில் கோபம்தான் வந்தது. கீழ்க்கட்டில்காரரிடம் போனைக் காட்டி, இந்த டீச்சருக்குப் பிள்ளை மனசு தெரியுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“சரியாத்தானப்பா போட்டுருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.