தினமும் வந்து போன எண்

சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் இருவர் இருந்த அறையில் பாய் ஒன்றுதான். எனக்குப் பகல் ஷிஃப்ட் என்றால் அவனுக்கு நைட். வாரம் மாறினால் ஷிஃப்டும் மாறும், பாய் மாறாது. நான் வாலாஜாபாத், அவன் திருநெல்வேலிக்காரன். ஒரே கம்பெனி, வேறு லைன். ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்ப்போம்.

மூலையில் என் பழைய கம்ப்யூட்டர். பிராட்பேண்ட் போட்டு, அதிலேயே என் இணையதளத்தை ஓடவிட்டிருந்தேன். வேறு எங்காவது வைத்தால் எவனாவது எட்டிப் பார்ப்பான் என்று சந்தேகம். எனக்கு எதிலும் சந்தேகம்தான். அது இரவும் பகலும் ஓட வேண்டும் என்பதால் "அணைக்காதே" என்று சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தேன்.

அப்போது நான் டிரெய்னி. என்னை நிரந்தரமாக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் சூப்பர்வைசர் கையில். அதிபுத்திசாலியான நான் 'ஒரே பாய்' என்று ஒரு பக்கம் எழுதி, அதில் அவரை எருமை என்று சொல்லி, உலகத்துக்கே திறந்து வைத்தேன்.

யார் வந்தாலும் அவர்களுடைய இணைப்பு எண்ணையும் நேரத்தையும் கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். தினமும் ஒருவன் வந்தான். 'ஒரே பாய்' மட்டும் படித்தான். கரண்ட் போய் வந்தால் அவன் எண் மாறிவிடும். ஆள் வேஷம் மாற்றுகிறான் என்று முடிவு கட்டினேன். அதைவிட, நான் லைனில் நிற்கும் நேரத்தில் மட்டுமே வந்தான். என் ஷிஃப்ட் மாறினால் அவன் நேரமும் மாறியது. என் ஷிஃப்ட் தெரிந்தவர் சூப்பர்வைசர். அவருக்குத் தளத்தின் முகவரியைச் சொன்னது யார்? நான் சொல்லியிருந்தது அறையில் இருந்த அவன் ஒருவனிடம்தான்.

ஞாயிறன்று அவன் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"சூப்பர்வைசராண்ட இன்னா சொல்லி வெச்சிகீற?"

"நான் யார்ட்டயும் ஒண்ணும் சொல்லலயே."

"அட்ரஸ் உனக்கு மட்டும்தான் தெரியும். தெனம் எவனோ அந்தப் பக்கத்த பாத்துக்கினு கீறான்."

அவன் தலை குனிந்தான். "பாத்தா என்ன தப்புல?" என்றான்.

மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். "போட்டுக் குடுத்துட்டு நியாயம் வேற பேசுறியா?" என்று கத்தினேன். மடித்த துணியைப் பையில் வைத்தான். அன்று மாலையே இருங்காட்டுக்கோட்டையில் வேறு அறைக்குப் போய்விட்டான்.

அன்றோடு அந்த வருகை நின்றது. நான் நினைத்தது சரிதான் என்று தெம்பாக இருந்தேன். நிரந்தர உத்தரவும் கைக்கு வந்தது.

அந்த வாரமே ஒருநாள் தளம் சரியாக ஓடுகிறதா என்று அறையிலிருந்தே முகவரியைத் தட்டிப் பார்த்தேன். அதுவரை வெளியே பிரவுசிங் சென்டரில்தான் அப்படிப் பார்த்திருந்தேன். உடனே பதிவில் ஒரு எண் விழுந்தது. தினமும் வந்தவனுடைய கடைசி எண் அது. என் சொந்த இணைப்பின் எண். கரண்ட் போய் வரும்போதெல்லாம் மாறியது அதுதான்; அவன் போனபின் கரண்ட் போகாததால் அப்படியே இருந்தது. நான் வேலைக்குப் போனதும் அவன் இதே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படித்திருக்கிறான்.

'ஒரே பாய்' பக்கத்தை மறுபடி படித்தேன். எருமை ஒரே வரியில் முடிந்துவிட்டது. மீதியெல்லாம் அவன். நான் வருவதற்குள் பாயை உதறி விரித்து, பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போகிறவன் என்று நானே எழுதியிருந்தேன். அதைத்தான் தினமும் படித்திருக்கிறான்.

இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. சுவரில் "அணைக்காதே" அப்படியே இருந்தது. அவன் ஒருநாளும் அணைத்ததில்லை.