ஆளுக்கொரு சிவப்பு மஞ்சள் மாத்திரை

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் இலஞ்சியில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கால் தரையில் நிற்காது. அந்த வருஷம் ஐந்தருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது என்று ஊரே பேசியது. மாட்டுவண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா அக்காவுக்குக் காய்ச்சல் வரவேண்டும்?

"அவள விட்டுட்டு ஒருத்தரும் அருவிக்குப் போகப்படாது" என்று அம்மா சொல்லிவிட்டாள். கஷாயம் கொடுத்தார்கள், பற்றுப் போட்டார்கள், திருநீறு பூசினார்கள். காய்ச்சல் இறங்குவதாக இல்லை. நான் பிள்ளையாரைத் தூங்கவிடாமல் தொந்தரவு செய்தேன். அக்காவுக்காகத்தான் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை.

கடைசியில் சித்தப்பாதான் துணிந்தார். அவருக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. எல்லாம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சொல்லிக்கொடுத்தது. என்னைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு தென்காசிக்கு மிதித்தார். கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடை முன்னால் இறங்கினோம்.

"அண்ணாச்சி, காய்ச்சலுக்கு அந்தக் கலர் மாத்திரை இருக்கா? மைசின்னு சொல்லுதாங்கல்லா?"

"டாக்டர் சீட்டு இருக்கா?" என்றார் கடைக்காரர்.

"சீட்டு எதுக்கு அண்ணாச்சி? காய்ச்சல் இருக்குல்லா!"

கடைக்காரருக்கு அதற்குமேல் ஆதாரம் தேவைப்படவில்லை. ஒரு சின்னப் புட்டியை எடுத்து நீட்டினார். உள்ளே பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமான கூட்டுக்குள் பொடி அடைத்த மாத்திரைகள். அவ்வளவு அழகான மருந்தை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. வழியெல்லாம் புட்டியைக் காதோரம் வைத்துக் குலுக்கிக்கொண்டே வந்தேன்.

இரண்டே நாள்! அக்கா எழுந்து உட்கார்ந்து பழைய சோறு கேட்டாள். வீடே குதித்தது. அண்டை வீட்டுக்காரர்கள் புட்டியைப் பார்க்க வந்தார்கள். சித்தப்பா தானே அதைக் காய்ச்சி எடுத்தவர் மாதிரி நடமாடினார்.

புட்டியில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு மங்குஸ்தான் பழம் வந்தால்கூடச் சுளை சுளையாகப் பங்கு வைப்பதுதான் வழக்கம். இவ்வளவு உசத்தியான பொருளை ஒருத்திக்கே கொடுப்பதா?

"அவளுக்குத்தான் சொகமாயிட்டுல்லா, இது சும்மா கெடந்து என்ன செய்ய?" என்ற பெரியம்மா தானே பங்கு வைத்தாள். பெரியப்பாவின் பல்வலிக்கு ஒன்று. இன்னொன்றைப் பிரித்து அத்தையின் சேற்றுப்புண்ணில் பொடியைத் தூவினார்கள். முட்டையிடாத கோழிக்கு வாழைப்பழத்துக்குள் வைத்து ஒன்று. விட்டால் தீர்ந்துவிடும் என்று பயந்து எனக்கும் வயிறு வலிக்கிறது என்றேன். உடனே கிடைத்தது.

மறுநாளே ஐந்தருவி! அக்காவும் வந்தாள். "ஏட்டி, கைய விடாத, இழுத்துட்டுப் போயிரும்" என்று கத்திக்கொண்டே என்னைத் தண்ணீருக்குள் இழுத்தாள். தலையில் அருவி அடிக்க அடிக்க இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரித்தோம். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அடுத்த வாரம் காய்ச்சல் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வந்தது. அக்கா அம்மாவையே யார் என்று கேட்டாள். வண்டியில் வைக்கோல் பரப்பி, அவளைக் கிடத்தி, தென்காசியில் டாக்டரிடம் கொண்டுபோனோம்.

சித்தப்பா மாத்திரை வாங்கிய கதையைச் சொல்லி முடித்ததும் டாக்டர் கேட்டார். "காய்ச்சல் விட்டாலும் நிறுத்தப்படாதே. மிச்ச மாத்திரையெல்லாம் எங்க?"

சித்தப்பா வேட்டியில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டத் தொடங்கினார். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

"எங்க வீட்டுல யாரும் எதையும் தனியா திங்க மாட்டோம் டாக்டர். எல்லாருக்கும் பங்கு வச்சிட்டோம். கோழிக்குக்கூட!"

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து மறுபடியும் நாடி பார்த்தார். அவள் பிழைத்து எழுந்து நடக்க ஐப்பசி ஆயிற்று. ஆனால் பிழைப்பாளா என்பது அந்த நிமிஷம் அவருக்கே தெரியாது. அவர் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. பாவம், டாக்டருக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கலாமே என்றுதான் நினைத்தேன்.